பருத்திப்பாலில் உண்டு, கத்தரிக்காயில் இல்லை

சந்தையில் கத்தரிக்காய் கொஞ்சம் பளபளப்பாக, ஒரே அளவில் குவிந்து கிடந்தால் போதும். "இது மரபணு மாத்தின காய், வாங்காதீங்க" என்று பக்கத்தில் நிற்பவர் காதைக் கடிப்பார். உண்மையில் இந்தியாவில் மரபணு மாற்றிய கத்தரிக்காயை விற்க இதுவரை அனுமதி இல்லை. 2019-ல் ஹரியானாவின் ஃபதேஹாபாத் பக்கம் கள்ள விதையில் விளைந்த ஒரு வயல் பிடிபட்டது, அது விதிவிலக்கு. பளபளப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஹைபிரிட் விதை. ஒரே பயிரின் இரண்டு ரகங்களை மகரந்தம் மாற்றிச் சேர்த்தால் ஹைபிரிட். வேறோர் உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் எடுத்துப் பயிருக்குள் வைத்தால் மரபணு மாற்றம். விதையில்லாத் திராட்சையும் ஹைபிரிட் தக்காளியும் இரண்டாவது கணக்கில் வராது.

ஏற்கனவே வயிற்றுக்குள் போவது

மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு இந்தியா 2002-ல் அனுமதி கொடுத்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். பஞ்சு மில்லுக்குப் போய்விடும். கொட்டை எங்கே போகிறது? மாட்டுத் தீவனமாகவும் புண்ணாக்காகவும் எண்ணெயாகவும் மாறுகிறது. மிக்சர், சிப்ஸ் பாக்கெட்டுகளின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் சிலவற்றில் 'பருத்தி விதை எண்ணெய்' என்று இருக்கும். மதுரையில் மாலை நேரத் தள்ளுவண்டியில் சுக்கும் ஏலக்காயும் மணக்க டம்ளரில் ஊற்றித் தருகிறார்களே, அந்தப் பருத்திப்பால், ஊறவைத்த கொட்டையை ஆட்டிப் பிழிந்த பால். நாட்டுப் பருத்திக் கொட்டை என்று தேடி வாங்கினால் ஒழிய, அது பி.டி. கொட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. புகுத்திய மரபணு உண்டாக்குவது ஒரு புரதம்; சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. பருத்திப்பாலையோ நன்றாகக் கொதிக்க வைக்கிறார்கள். அதோடு, பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற இயற்கை நச்சு ஒன்று ஆதிகாலத்திலிருந்தே உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் குழுவினர் கொட்டையில் மட்டும் அந்த நச்சைக் குறைத்து ஒரு பருத்தியை உருவாக்கினார்கள். அதுவும் மரபணு மாற்றுப் பயிர்தான். ஆக, 'இயற்கை நல்லது, மாற்றியது கெட்டது' என்ற கோடு பருத்திக்கொட்டையிலேயே அழிந்துபோகிறது.

புழுவைக் கொல்வது நம்மைக் கொல்லாதா?

மக்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வி. பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். அது உண்டாக்கும் கிரை புரதம் புழுவின் குடலில் இருக்கும் காரத்தன்மையில் கரைந்து, நொதிகளால் வெட்டுப்பட்டு, குடல் சுவரில் தனக்கென்று உள்ள ஏற்பிகளில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் இரைப்பையில் இருப்பது அமிலம்; அந்த ஏற்பிகளும் நமக்கில்லை. சாப்பிட்ட மற்றப் புரதங்களைப் போல அதுவும் செரித்துவிடுகிறது. இதே பாக்டீரியாவை இயற்கை விவசாயிகள் பல்லாண்டுகளாகத் தெளிப்பானில் கலந்து அடிக்கிறார்கள்.

இந்தப் புரதத்துக்குப் பொருந்தும் பதில் எல்லா மரபணு மாற்றுப் பயிருக்கும் பொருந்தாது. எந்த மரபணு, எந்தப் பயிரில், எதற்காக என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். 1990-களில் பிரேசில் நட்டின் மரபணு ஒன்றைச் சோயாவில் வைத்தார்கள். தீவனத்தில் சத்து கூடும் என்பது எண்ணம். அந்த நட்டு ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தில் சோதித்தபோது சோயாவும் அதே ஒவ்வாமையைக் காட்டியது. விற்பனைக்கு வருமுன் திட்டம் கைவிடப்பட்டது. ஆபத்து கற்பனையல்ல என்பதற்கும், சோதித்தால் பிடிபடும் என்பதற்கும் இந்த ஒரு சம்பவமே சாட்சி.

எலிப் படம்

மரபணு மாற்று உணவு தின்றவை என்று சொல்லி, பெரிய கட்டிகளோடு எலிகள் நிற்கும் படம் இன்றும் கைபேசிகளில் சுற்றுகிறது. பிரான்சின் செராலினி என்ற ஆய்வாளர் 2012-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. எடுத்துக்கொண்ட எலி இனமோ வயதானால் தானாகவே கட்டி வருவது. குழுவுக்குப் பத்து எலிகள்தான். வெளியிட்ட இதழே 2013-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2014-ல் வேறோர் இதழில் மறுபடி வந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் புரட்டி 2016-ல் தந்த அறிக்கை, சந்தையில் இருக்கும் மரபணு மாற்று உணவுகள் சாதாரண உணவைவிட உடலுக்குக் கூடுதல் கேடு செய்வதற்கு ஆதாரம் இல்லை என்றது.

கத்தரிக்குத் தடை ஏன்?

அப்படியானால் பி.டி. கத்தரியை நிறுத்தியது தவறா? மஹிகோ நிறுவனத்தின் கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய மரபணுப் பொறியியல் குழு ஒப்புதல் தந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கோ 2, எம்.டி.யூ. 1 போன்ற தன் ரகங்களில் அந்த மரபணுவை ஏற்றி வைத்திருந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். விதை விற்கும் நிறுவனமே பாதுகாப்புச் சோதனையையும் நடத்தியது, நீண்டகாலச் சோதனை போதவில்லை என்பவை முக்கியக் குறைகள். என்னைக் கேட்டால், அந்தக் குறைகள் சரியானவை. ஆனால் தடை போட்டபின் சுயேச்சையான சோதனைகளை முடுக்கிவிட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. வங்கதேசம் 2013-ல் அதே கத்தரிக்கு அனுமதி தந்து, அடுத்த ஆண்டு 20 விவசாயிகளிடம் நாற்று கொடுத்துத் தொடங்கியது; அங்கே மருந்தடிப்பு குறைந்திருக்கிறது.

இந்த மருந்தடிப்புதான் நாம் பேச மறக்கும் விஷயம். தண்டு, காய்த் துளைப்பான் புழு முட்டையிலிருந்து வந்ததுமே காய்க்குள் புகுந்துவிடும். மேலே அடிக்கும் மருந்து உள்ளே எட்டாது. அதனால் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். கத்தரியோ நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கும் காய். அடித்த ஈரம் காய்வதற்குள் சந்தைக்கு வந்துவிடும்.

களைக்கொல்லிப் பயிர் வேறு கதை

களைக்கொல்லியைத் தாங்கும்படி மாற்றிய பயிர்களில் என் கவலை அதிகம். பயிர் சாகாது என்பதால் தாராளமாக அடிப்பார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் வைத்தது. பல நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. டி.எம்.எச்.-11 என்ற மரபணு மாற்றுக் கடுகு வழக்கிலும் களைக்கொல்லி வாதம் பெரிதாக எழுந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள்.

வீட்டில் செய்ய முடிந்தது

காயை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். மேல் எச்சம் குறையும், சாறோடு ஊடுருவிய மருந்து போகாது. புழு துளைத்த ஓட்டைக்காயைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். சொத்தைப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். நட்ஸ், சோயா அலர்ஜி உள்ளவர்கள் பாக்கெட் உணவின் உட்பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்கக் கூடாது. மாடியில் கத்தரி வைத்திருப்பவர்கள், நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு என்று அறிந்து, வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி நெருப்பில் போடுங்கள். செடியடியிலேயே போட்டால் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக மறுபடி அதே செடிக்கு வரும்.