வியத்நாம் யுத்தமும் பள்ளி உபாத்தியாயரும்

தேசம் ஒருமனதாக நடத்திய யுத்தத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது எளிது. தேசமே இரண்டுபட்டு நின்ற யுத்தத்தைப் பற்றிச் சொல்ல யாருக்கு அதிகாரம்? 1965 மார்ச்சில் அமெரிக்கப் போர்ப்படை வியத்நாமின் தாநாங் கரையில் இறங்கியது முதல் 1975 ஏப்ரல் 30-ந் தேதி சைகோன் வீழ்ந்தது வரை நிகழ்ந்தவற்றைக் குறித்து அமெரிக்கப் பாடசாலைகளில் எழுந்த கேள்வி இதுவே.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கட்டாய ராணுவ சேவை அமலில் இருந்தபோது உபாத்தியாயத் தொழிலில் இருப்போருக்கு ஸ்தல போர்டுகள் விலக்கு அளிப்பது வழக்கம். புதிதாக அவ்விலக்கு அளிப்பதை ஜனாதிபதி நிக்ஸன் 1970 ஏப்ரலில்தான் நிறுத்தினார். ஆகவே, போருக்குப் போக மனமில்லாமல் உபாத்தியாயரானவரும், போரிலிருந்து திரும்பிச் சர்க்கார் உதவிப் பணத்தில் படித்து உபாத்தியாயரானவரும் பிற்காலத்தில் ஒரே அறையில் அமர்ந்து விடைத்தாள் திருத்த நேர்ந்தது. அகதியாக வந்த வியத்நாமியர் ஒருவரும் அடுத்த நாற்காலியில் இருந்திருக்கலாம். மாணாக்கன் கேட்டால் இவர்கள் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லவேண்டாம், பாடப் புத்தகம் போதும் என்பார் உளர். 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கரும் பல லட்சம் வியத்நாமியரும் மாண்டனர் என்று புத்தகம் சொல்லும். சேவைக்கு ஆள் பொறுக்கும் குலுக்கலில் தம் பிறந்த தேதி எத்தனையாவதாக விழுமோ என்று 1969 டிசம்பர் 1-ந் தேதி இரவு காத்திருந்த வாலிபரின் நெஞ்சைப் புத்தகம் சொல்லாது.

சட்டம் என்ன கூறுகிறது? ஐயோவா மாகாணத்து டி மாய்ன் நகரில் 1965 டிசம்பரில் சில மாணாக்கர் யுத்தத்தில் இறந்தோருக்காகக் கையில் கறுப்புப் பட்டி அணிந்து சென்று பள்ளியினின்றும் விலக்கப்பட்டனர். பள்ளிக்குள் நுழைவதால் மாணாக்கரோ உபாத்தியாயரோ பேச்சுரிமையை இழப்பதில்லை என்று 1969-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 7 நீதிபதிகள் ஒருபுறம், 2 பேர் மறுபுறம். ஆனால், 2003-இல் ஈராக் யுத்தம் மூளவிருந்த சமயம் இந்தியானா மாகாணத்து உபாத்தியாயினி ஒருவர், மாணாக்கர் கேட்டதற்கு விடையாக, சமாதானம் வேண்டி நின்றோரை ஆதரித்துத் தம் மோட்டாரின் ஹாரனை ஒலித்ததாகச் சொன்னார். இதனாலேயே தம் உத்தியோகம் போயிற்று என்று அவர் வழக்காடினார். வகுப்பில் சொந்த அபிப்பிராயம் பேச அரசியல் சட்டம் உரிமை தரவில்லை என்று 2007-இல் அப்பீல் கோர்ட்டு கூறிவிட்டது. கட்டாயமாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பிரசாரம் செய்யலாகாது என்ற அளவில் இதில் நியாயம் உண்டு. கேட்டதற்கு உண்மையான விடை சொல்லுவது பிரசாரமாகுமா? ஆகாது என்பதே நம் அபிப்பிராயம்.

நியாயஸ்தலத்தில் பழகியவர் அறிவர்: சாட்சி தாம் கண்டதற்கு மட்டுமே சாட்சி. நெல்வயலில் நடந்த சண்டையைப் போர்வீரர் சொல்லலாம். அவர் அங்கே அனுப்பப்பட்ட காரணத்தை அவர் வாய்மொழியால் அறிய முடியாது. 1964 ஆகஸ்டு 4-ந் தேதி டான்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டன என்று சொல்லியே ஜனாதிபதி ஜான்ஸன் காங்கிரஸிடம் அதிகாரம் பெற்றார். செனட்டில் எதிர்த்தவர் இருவரே. அன்று தாக்குதல் நிகழவேயில்லை என்பதைச் சர்க்காரே 2005-இல் வெளியிட்ட தஸ்தாவேஜுகள் காட்டின. ஆதலின், சென்றவர் நினைவு, செல்ல மறுத்தவர் நினைவு, தஸ்தாவேஜு ஆகிய யாவும் மாணாக்கன் முன் ஒருங்கே வரவேண்டும். குறுக்கு விசாரணை செய்யவும் அவனை விடவேண்டும். மார்க்குப் போடுகிறவரே சாட்சியும் சொல்லும் இடத்தில் இது மிக அவசியம்.

அக்காலத்து வாலிபர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். பள்ளியை விட்டு ஏறக்குறைய எல்லோரும் ஓய்வு பெற்றாயிற்று. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் போர்புரிந்து திரும்பியவர்கள் இப்பொழுது அவ்வறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். கேள்வி அவர்களையும் விடாது. பழைய உபாத்தியாயர்களை, உயிரோடிருக்கும்போதே, எதிர்க்கட்சியினர் இருவர் இருவராக வகுப்புக்கு வரவழைப்பதில் பள்ளி அதிகாரிகள் தாமதிக்கலாகாது. பள்ளி பஸ் ஓட்டியவரையும் சமையற்கூடத்தில் வேலை செய்தவரையும் அப்போது மறக்க வேண்டாம். கல்லூரிப் படிப்பாலும் உத்தியோகத்தாலும் விலக்குப் பெற இயலாமல் போருக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் அவ்வகுப்பினரே.