சிவப்புக் கீரையில் பச்சைச் செடிகள் முளைப்பது ஏன்?

சிவப்புத் தண்டுக்கீரை விதைத்த பாத்தியில் பச்சைச் செடிகளும் முளைத்தால் உரக்குறைபாடு என்று எண்ண வேண்டாம். விதையில் கலப்பு ஏற்பட்டிருப்பதே காரணம்.

ஊதா நிறத் தேயிலைக்கு அந்தோசயனின் நிறம் தருவதுபோல, சிவப்புக் கீரைக்கு நிறம் தருவது பீட்டாலெய்ன் என்ற நிறமி. பீட்ரூட்டில் இருப்பதும் இதுவே. கீரையில் சிவப்பு ஓங்கு பண்பு. பச்சை ஒடுங்கு பண்பு. பச்சைக் கீரையின் மகரந்தம் காற்றில் வந்து சிவப்புச் செடியில் சேர்ந்தால், அந்த விதையில் முளைக்கும் செடி சிவப்பாகவே இருக்கும். அதற்கடுத்த தலைமுறையில்தான் சுமார் நான்கில் ஒன்று பச்சையாக வெளிப்படும்.

எனவே, பச்சை ரகத்தில் சிவப்புக் கலவன்களைப் பூக்கும் முன் பிடுங்கினால் பெரும்பாலும் போதும். சிவப்பு ரகத்தில் அது போதாது. சிவப்புச் செடிக்குள்ளேயே பச்சைப் பண்பு மறைந்திருக்கலாம்.

விதைக்கென விடும் வயலுக்கும் பிற கீரை ரகங்களுக்கும் இடையே குறைந்தது 200 மீட்டர் இடைவெளி விடுங்கள். நல்ல சிவப்புச் செடிகளின் விதையைத் தனித்தனியே எடுத்து, சிறு பாத்திகளில் விதைத்துப் பாருங்கள். ஒரு பச்சை நாற்றுகூட முளைக்காத செடியின் விதையை மட்டும் பெருக்குங்கள்.

மதுரை விவசாயிகள் சந்தேகங்களுக்கு, 1965 முதல் இயங்கும் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.