எல்லை தாண்டும் எம்-பெசாவும் மூலைக்கடைக்காரரும்

எம்-பெசாவில் உள்ள ‘எம்’ மொபைலைக் குறிக்கிறது. ‘பெசா’ என்றால் சுவாஹிலி மொழியில் பணம். நம் ‘பைசா’வுக்கு உறவுக்காரச் சொல். 2007 மார்ச்சில் கென்யாவின் சஃபாரிகாம் நிறுவனம் இதைத் தொடங்கியபோது, மக்களிடம் சொன்னது ஒன்றுதான்: ஊருக்குப் பணம் அனுப்புங்கள்.

நைரோபியில் வேலை பார்க்கும் மகன் மூலைக்கடையில் ரொக்கத்தைக் கொடுப்பான். அது அவன் கைபேசிக் கணக்கில் ஏறும். அங்கிருந்து தாயின் எண்ணுக்கு அனுப்பினால், அவர் தன் ஊர்க் கடையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். ஸ்மார்ட்போன் வேண்டாம், வங்கிக் கணக்கும் வேண்டாம்.

இந்த ஏற்பாட்டின் உயிரே அந்தக் கடைக்காரர்தான். எடுக்க வருகிறவர்கள் கூடினால் அவர் கல்லாவில் ரொக்கம் தீரும்; போட வருகிறவர்கள் கூடினால் கைபேசிக் கணக்கில் இருப்பு தீரும். இரண்டிலும் சொந்த முதலைப் போட்டு வைத்தால்தான் அவருக்குக் கமிஷன். ‘காசு இல்லை, நாளைக்கு வாங்க’ என்று இரண்டு முறை கேட்டவர் மூன்றாம் முறை வரமாட்டார்.

அதனால், நிதித் தொழில்நுட்ப நிறுவனம் புதிய நாட்டுக்குப் போகிறது என்றால், தலைமையகத்துக்குப் பொறியாளர்களை எடுப்பது சின்ன வேலை. தெருத்தெருவாக இத்தகைய கடைக்காரர்களை முகவர்களாகச் சேர்ப்பதுதான் பெரிய வேலை.

முகவர்கள் மட்டும் போதாது, மக்களுக்குத் தேவையும் இருக்க வேண்டும் என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. 2010-இல் கைபேசி நிறுவனமான வோடாகாம், நெட்பேங்க் வங்கியோடு சேர்ந்து அங்கே எம்-பெசாவைக் கொண்டுவந்தது. 1 கோடி வாடிக்கையாளர்கள் என்பது இலக்கு. 2016-இல் மூடும் முடிவு வந்தபோது பயன்பாட்டில் இருந்தவர்கள் சுமார் 76,000 பேர். பலரிடம் ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருந்தது. சூப்பர் மார்க்கெட்டிலேயே பணம் அனுப்பவும் வழி இருந்தது. கென்யாவில் இருந்த பசி அங்கே இல்லை. இந்தியாவுக்கும் 2013-இல் வந்தது, 2019-இல் கடையைக் கட்டியது. 2008-இல் போன தான்சானியாவிலோ, மெதுவாகத் தொடங்கினாலும் வேர் பிடித்தது.

இப்போது எத்தியோப்பியா. 2021-இல் சஃபாரிகாம் தலைமையிலான கூட்டமைப்பு 85 கோடி டாலர் கொடுத்துத் தொலைத்தொடர்பு உரிமம் வாங்கியது. அந்த உரிமத்தில் பணச் சேவைக்கு அனுமதி இல்லை. அதே ஆண்டு மே மாதம் அரசு நிறுவனமான எத்தியோ டெலிகாம் ‘டெலிபிர்’ பணச் சேவையைத் தொடங்கிவிட்டது. அனுமதி கிடைத்து எம்-பெசா வந்தது 2023 ஆகஸ்டில்.

இந்த இரண்டு ஆண்டு இடைவெளி சாதாரணமானதல்ல. டெலிபிர்ருக்காக ஏற்கெனவே முதலை முடக்கிவைத்திருக்கும் ஒரு கடைக்காரர், அதே கல்லாவிலிருந்து இன்னொரு கணக்குக்கும் பணம் ஒதுக்கச் சம்மதிக்க வேண்டும். எம்-பெசாவின் ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்கவேண்டியது அந்தச் சம்மதத்தைத்தான்.