தராசை விட்டு இஞ்சு டேப்புக்கு

எடையைக் குறைப்பது என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால் நம் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலும் இரண்டு காரியம் நடக்கும். ராத்திரிச் சோறு நிற்கும். விடிகாலையில் ஏரிக்கரை நடை தொடங்கும். இரண்டிலும் பிழையில்லை. இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இறங்கிவிட்டால் பார்ப்பவரெல்லாம் "இளைச்சிட்டீங்களே" என்பார்கள். இறங்கிய அந்த நான்கு கிலோ எது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வயிற்றைச் சுற்றியிருந்த கொழுப்பா, தொடையிலும் முதுகிலும் இருந்த தசையா? தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். உடம்புக்கோ முதலாவது போனால் லாபம், இரண்டாவது போனால் நஷ்டம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரம் போன்ற நெல் விளையும் பகுதியில், நாற்பதைத் தொட்டவர்கள் கிலோவை எண்ணி இளைப்பதைவிட வயிற்றுச் சுற்றளவைக் குறைத்துத் தசையைக் காப்பதையே இலக்காகக் கொள்ள வேண்டும். அதற்கு வாயைக் கட்டுவதும் நடப்பதும் மட்டும் போதாது, பாரம் தூக்கவும் வேண்டும் என்பது என் வாதம்.

இதெல்லாம் பட்டணத்துக்காரர் கவலை என்று தள்ளிவிட முடியாது. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21-இல் அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2 சதவீதமாக இருந்தது 37 ஆனது. சென்னை மட்டும் பெருத்து இந்தக் கணக்கு ஏறிவிடாது. இன்னும் அருகிலேயே ஒரு சான்று உண்டு. சூணாம்பேடு, 2019-இல் மாவட்டம் பிரிந்து செங்கல்பட்டோடு சேரும் வரை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் அந்த ஊரையும் சுற்றியுள்ளவற்றையும் சேர்த்து 42 கிராமங்களில் பரிசோதனை வண்டியை அனுப்பி, 23,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்தது. ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பேர் அதன் வாசற்படியில் நின்றார்கள். ஏரிப்பாசனமும் நெல்லும் உழைப்பும் கொண்ட ஊர்கள்தாம் அவை. ஆனால் உழவு டிராக்டருக்கும் அறுப்பு இயந்திரத்துக்கும் போய்விட்டது. வீட்டுப் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். தெருமுனைக் கடைக்கும் வண்டியில்தான் போகிறோம். உழைப்பு குறைந்த அளவுக்குத் தட்டு குறையவில்லை.

எடைக்கு மேல் இன்னொரு சிக்கல் நம் உடம்பின் வாகில் இருக்கிறது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சுப் பிசகாமல் 22.3. உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு: இந்தியர்களிடம் மிகப் பரவலான இந்த உடல்வாகு கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னே தள்ளும் நம் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்தாலே விளங்கும். அதனால்தான் வெள்ளையருக்கு பி.எம்.ஐ. 25-இல் வைக்கும் எச்சரிக்கைக் கோட்டை நமக்கு 23-இல் வைக்கிறார்கள். அதைவிட எளிய அளவுகோல் தையற்காரரின் இஞ்சு டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல், புடவைக் கொசுவத்தின் மேலோ வேட்டி மடிப்பின் மேலோ வைக்காமல் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். பெண்ணுக்கு 80, அதாவது முப்பத்தொன்றரை. அதைத் தாண்டினால் தராசு என்ன சொன்னாலும் கவனிக்க வேண்டிய நிலைதான்.

எடை இறங்காமலே நன்மை வருமா என்று கேட்கலாம். வரும் என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் கிடைத்தது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 39.3 சதவீதம். வியப்பு என்னவென்றால், அவர்கள் எடை சொல்லும்படி குறையவே இல்லை. தராசை மட்டும் நம்பியிருந்தால் மூன்றே மாதத்தில் "பிரயோஜனமில்லை" என்று கைவிட்டிருப்பார்கள். இதை வைத்து எடையே பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வில், எடையில் 7 சதவீதத்தைக் குறைக்கும் இலக்கோடு உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. முழங்கால் தேய்ந்தவருக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம்தான். 80 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் ஐந்தாறு கிலோ இறக்கினால் நல்லதே. அந்த ஐந்தாறில் தசை எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஆய்வு 2017-இல் வந்தது. 65 வயதைத் தாண்டிய, உடல் பருத்த 160 பேரை அமெரிக்காவில் டென்னிஸ் வில்லரியல் குழு நான்கு பிரிவாக்கியது. மூன்று பிரிவினருக்கு ஒரே வகைச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு. உடற்பயிற்சி மட்டும் வேறு வேறு. ஒரு பிரிவு நடை போன்ற பயிற்சி, இன்னொன்று பாரம் தூக்கல், மூன்றாவது இரண்டும். நான்காவது பிரிவு எதையும் மாற்றவில்லை. ஆறு மாதத்தில் பயிற்சி செய்த மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவாக, 9 சதவீத எடையை இழந்தன. தராசின் தீர்ப்பில் மூவரும் சமம். ஆனால் கொழுப்பில்லாத உடற்பகுதியில் நடந்தவர்கள் 5 சதவீதத்தை இழந்தார்கள், பாரம் தூக்கியவர்கள் 2, இரண்டும் செய்தவர்கள் 3. எழுவது, ஏறுவது, தூக்குவது போன்ற அன்றாடத் திறனில் அதிகம் முன்னேறியவர்கள் இரண்டையும் செய்தவர்களே. தசை அழகுக்கான சமாசாரம் இல்லை. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்கிக்கொள்வது அதுதான். தசை சுருங்கச் சுருங்க அதே சோறு அதிகச் சர்க்கரையாக நிற்கும். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு, வாரியத்துக்கு நிற்பவர் 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும் என்று விதித்தது. தசை சத்தமில்லாமல் கரைவதும் ஏறக்குறைய அதே வயதுகளில்தான் என்பது தற்செயல். கரைந்தது திரும்பாது என்றும் நினைக்க வேண்டாம்: 1990-இல் பாஸ்டனில் தொண்ணூறு வயதையொட்டிய பத்து முதியோர் எட்டு வாரம் காலால் பாரம் தூக்கிப் பழகியபோது, அவர்கள் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

"வயல்ல குனிஞ்சு நிமிர்றவங்களுக்குத் தனியா எக்சர்சைஸ் எதுக்கு?" இதுதான் இங்கே முதலில் எழும் மறுப்பு; பாதி நியாயமும் உண்டு. மூட்டை தூக்குபவருக்கும் நாளெல்லாம் மண் சுமப்பவருக்கும் பாரம் தூக்கப் பாடம் எடுப்பது வேடிக்கை. அவர்களுக்கு வேண்டியது பருப்பும் முட்டையும் ஓய்வும். ஆனால் நடவும் களையெடுப்பும் குறைந்த பாரத்தோடு பல மணி நேரம் குனிந்தே இருக்கும் வேலை. அது தாக்குப்பிடிக்கும் திறனை வளர்க்கும், இடுப்பை நோகடிக்கும், தசையைப் பெருக்காது. தசை வளர, பழகிய பாரத்தைவிடச் சற்றுக் கூடுதலான பாரம் அவ்வப்போது வந்துகொண்டே இருக்க வேண்டும். இருபது வருஷமாக அதே குடத்தைத் தூக்கும் கை அந்தக் குடத்துக்கு எப்போதோ பழகிவிட்டது. அதோடு வயல் வேலையும் நூறு நாள் வேலையும் வருஷம் முழுக்க இருப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு இது: வாரம் 150 நிமிடமாவது நடை, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. ஜிம் தேடி காஞ்சிபுரம் போக வேண்டாம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, பொத்தென்று விழாமல் மெதுவாக உட்காருவது. சுவரில் கைவைத்துத் தண்டால் எடுப்பது, வலு வந்ததும் திண்ணைக்கும் பிறகு தரைக்கும் இறங்குவது. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்கி வைப்பது. இரு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பது. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, நடுவே ஓய்வு விட்டு இரண்டு மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பாரத்தைக் கூட்ட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாரம் தூக்கினால் பெண்களுக்கு ஆம்பளை உடம்பு வந்துவிடும் என்ற பயம் வீண். அப்படிப் பெருக்கச் செய்யும் ஹார்மோன் பெண்ணுடம்பில் மிகக் குறைவு. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும் வேகத்தைப் பார்த்தால், ஆண்களைவிட அவர்களுக்கே இது அவசரம்.

சாப்பாட்டுக்கு வருவோம். எல்லாப் பழியையும் ரேஷன் அரிசி மேல் போடுவது ஒரு வழக்கம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 167 கிராம். ஏறத்தாழ 580 கலோரி. அதிகம் உடல் உழைப்பில்லாத பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் ஒருநாள் தேவை 1,660 கலோரி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். குறை அதற்குமேல் கடையில் வாங்கும் அரிசியிலும், காலை இட்லி, பகல் சோறு, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி உப்புமா என்று நாள் முழுக்க மாவுச்சத்தே சுற்றி வருவதிலும், தாளிக்கும் எண்ணெயிலும், நாலைந்து வேளைத் தேநீரின் சர்க்கரையிலும் இருக்கிறது. அதே பெண்ணுக்கு நாளுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். புளிக்குழம்பும் ரசமும் மோரும் அதை எட்டாது. 100 கிராம் பருப்பில் சுமார் 22 கிராம், வேர்க்கடலையில் 25, ஒரு முட்டையில் 6, மீல்மேக்கரில் 50 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஆகவே புரதம் பணக்காரச் சங்கதி என்ற மறுப்பு நிற்காது. டப்பாவில் அடைத்த பவுடர்தான் பணக்காரச் சங்கதி, அது யாருக்கும் கட்டாயமில்லை. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ கீரைக்கூட்டோ வைப்பதே போதுமான மாற்றம். கேழ்வரகுக் கூழுக்கு மாறினால் தானாக இளைக்கும் என்பதும் நப்பாசை. கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், கலோரி கிட்டத்தட்ட அரிசியளவே. மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ போன்ற முறையில் இளைத்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரைக் கொண்டு கொழுப்பைக் குறைத்த உணவையும் மாவுச்சத்தைக் குறைத்த உணவையும் ஓராண்டு ஒப்பிட்டபோது, சராசரி எடைக்குறைவு 5.3 கிலோவும் 6 கிலோவுமாகத்தான் இருந்தது. எந்த முறை என்பதைவிட, பொங்கலும் ஆடித் திருவிழாவும் தாண்டி எது நம்மிடம் நிற்கும் என்பதே முக்கியம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று வெட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதம் கூட்டுவது ஆகாது. இருவரும் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகள் இந்த வாதத்தைப் பழசாக்கிவிட்டன என்று சிலர் நினைக்கலாம். அவை வேலை செய்கின்றன. உடல் பருமனால் நோய்ப்பட்டவர்களுக்கு உதவும். ஆனால் அவற்றில் ஒன்றான செமாக்ளூட்டைடின் முக்கியமான ஆய்வில் உடல் கூறுகளை அளந்து பார்த்தபோது, குறைந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்களவு கொழுப்பல்லாத பகுதியாக இருந்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. ஊசி போட்டுக்கொள்பவருக்குத்தான் பாரப் பயிற்சி இன்னும் தேவை.

எல்லோருக்கும் இளைக்கும் ஆலோசனை சொல்வதும் ஆபத்து. அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவீதம் பேர் இருக்க வேண்டிய எடைகூட இல்லாதவர்கள், 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட, குறைக்க வேண்டியவரும் கூட்ட வேண்டியவரும் சேர்ந்தே இருப்பார்கள். தசையும் புரதமும் மட்டும் இருவருக்கும் பொது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவமும் அத்திட்டத்தில் உண்டு. அந்தத் தன்னார்வலர்கள் பையில் ஒரு இஞ்சு டேப்பைச் சேர்க்கலாம். முப்பது விநாடியில் கையூன்றாமல் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பதையும் எண்ணி, இரத்த அழுத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிக்கலாம். அதற்கு ஆகும் செலவு டேப்பின் விலைதான், நாற்காலி வீட்டுக்காரருடையது.