நாட்டைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

காட்டுப்பள்ளிக் கடலோரத்தில் கப்பல் கட்டும் தளம், சரக்குப்பெட்டகத் துறைமுகம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. இவற்றில் ஒன்றில் இரண்டாண்டு வேலை பார்த்த பொறியியல் பட்டதாரி வெளிநாட்டில் முதுநிலை படிக்க முனைகிறார் எனக் கொள்வோம். நாட்டை முதலில் முடிவு செய்துவிட்டுப் பாடம் தேடுவதுதான் பலரின் வழக்கம். வரிசையைத் திருப்பிப் போட்டால் ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தின் வேலையைக் குறைத்துக் கொடுக்கும்.

தொடக்கம் தொழில். கப்பலின் உடற்பகுதியில் வேலை பார்த்தவருக்குக் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட், நெதர்லாந்தின் டெல்ஃப்ட், நார்வேயின் திரோன்ஹைம் ஆகியவை பொருந்தும். பெட்டகத் துறைமுகத்தில் இருப்பவருக்கு ரோட்டர்டாமில் கடல்சார் பொருளியல் உண்டு. சுவீடனின் மால்மோவில் 1983-இல் நிறுவப்பட்ட உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் 14 மாதப் படிப்பு உண்டு. குடிநீர் ஆலைக்காரருக்கு டெல்ஃப்ட்டிலேயே நீர்க்கல்விக்கென்று தனி நிறுவனம் இருக்கிறது.

அடுத்தது பாடத்திட்டம். பல்கலைக்கழகம் வெளியிடும் பாடக் கையேட்டை இறக்கி, ஒவ்வொரு தாளின் பெயரையும் அதற்கான கிரெடிட்டையும் ஒரு தாளில் எழுத வேண்டும். டெல்ஃப்ட் முதுநிலை இரண்டாண்டு, 120 கிரெடிட், ஸ்ட்ராத்கிளைடில் ஓராண்டு. பணியில் உண்மையாகவே பயன்படும் தாள்களுக்கு எதிரே கோடிட்டுக்கொண்டே வந்து, பாதிக்குக் குறைந்தால் அந்தப் படிப்பை அடித்துவிடலாம். பயிற்றுமொழியையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். ஜெர்மனியில் சில படிப்புகள் ஜெர்மன் மொழியில் மட்டுமே நடக்கின்றன.

மூன்றாவது மதிப்பெண். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் நம் சி.ஜி.பி.ஏ.வை ஒரு சூத்திரத்தால் மாற்றிக்கொள்கின்றன. உச்ச மதிப்பிலிருந்து நம் மதிப்பைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். 8.2 பெற்றவருக்கு, உச்சம் 10, தேர்ச்சி எல்லை 5 எனில், 1.8-ஐ 5-ஆல் வகுத்தால் 0.36, மூன்று மடங்கு 1.08, விடை 2.08. அங்கே எண் குறையக் குறையத் தரம் உயர்வு. பட்டியலில் உள்ள படிப்பு 2.5 வரை ஏற்கும் என்றால் இவர் விண்ணப்பிக்கலாம். இரண்டு நிமிடக் கணக்கு, விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்காமல் காக்கிறது.

நான்காவது பணம். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்பிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஜெர்மன் விசாவுக்கு முன் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டும். அது மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். நார்வே 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோரிடம் கட்டணம் கேட்கிறது. ஆகவே பழைய தகவலை நம்பித் திரோன்ஹைமைச் சேர்த்தவர் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

கல்விக்கடனில் ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காடு நம் கைப்பணமாக இருக்க வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் பெயரும் சர்வே எண்ணும் ஒத்திருந்தால் வழக்கறிஞர் கருத்து விரைவில் வரும். ஓரெழுத்து வேறுபட்டாலும் திருத்தத்துக்கு வாரங்கள் போகும். எனவே சொத்து ஆவணங்களைச் சரிபார்ப்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிப்பது நல்ல வேலைமுறை. உதவித்தொகை தேடுபவர் அனுபவச் சான்றிதழைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளரும் நாட்டினருக்கான படிப்புகளுக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்கிறது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சான்றிதழில் தெளிவாக இருக்க வேண்டும்.

மீதி ஆவணங்கள் எளிது. அரியர் இல்லாத மதிப்பெண் பட்டியல், டிரான்ஸ்கிரிப்ட், இரண்டாண்டு செல்லும் ஐ.இ.எல்.டி.எஸ்., ஜெர்மனிக்கு மட்டும் ரூ.18,000 கட்டணத்தில், கல்விச் சான்றிதழ்களின் உண்மையை உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்று. ஏ.பி.எஸ். வந்து சேர வாரங்கள் ஆகும் என்பதால் அதற்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும்.

இத்தனையிலும் தேறிய இரண்டு மூன்று பெயர்கள் தாளில் மிஞ்சும்; அவற்றுக்கு மட்டும் விண்ணப்பம் போகட்டும். சேர்க்கைக் கடிதம் வந்தாலும், வங்கியின் ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.