நர்ஸ் உட்கார்ந்து பேசுவதும் சிகிச்சையா? 1952-ல் பெப்லாவ் சொன்னது என்ன?

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். மறுநாள் காலை ஆபரேஷன். முந்தைய ராத்திரி அவர் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த பெல்லை நான்கு முறை அழுத்தினார். முதல் தடவை, ஃபேன் வேகமா சுத்துதாம். இரண்டாவது தடவை, தலையணை சரியில்லை. மூன்றாவது தடவை, காலையில் எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு கேட்டார். அதை சாயங்காலமே இரண்டு தடவை கேட்டாச்சு. பக்கத்தில் இருந்த எனக்கே சங்கடமா போச்சு.

நான்காவது முறை வந்த சிஸ்டர், என்ன வேணும்னு கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஏன்ப்பா, நாளைக்கு ஆபரேஷனை நினைச்சு தூக்கம் வரலையா?" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: மயக்க மருந்து கொடுத்தா திரும்ப முழிப்பு வந்துடுமா? அம்மாவிடமோ என்னிடமோ அவர் கேட்காத கேள்வி அது. ஐந்து நிமிடம் பேச்சு. அதன் பிறகு பெல் அடிக்கவில்லை.

'தங்கமான பொண்ணு' என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு நர்ஸிங் படிப்பில் பாடமே இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு தியரி, அந்த தியரிக்குப் பின்னால் நான்கு வருஷம் வெளிவராமல் கிடந்த ஒரு புத்தகமும் இருக்கிறது.

யார் இந்த பெப்லாவ்?

ஹில்டெகார்ட் பெப்லாவ், 1909-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். 1918-ல் ஃப்ளூ கொள்ளைநோய் பரவியபோது அவருக்கு ஒன்பது வயது. காய்ச்சலில் பிதற்றியவர்களையும், குடும்பங்கள் நிலைகுலைந்ததையும் நேரில் பார்த்தார். 1931-ல் நர்ஸிங் முடித்தார். இரண்டாம் உலகப்போரின்போது ராணுவ நர்ஸாக இங்கிலாந்து போய், மனநல சிகிச்சை நடந்த ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தார்.

அன்றைய மனநல மருத்துவமனைகளில் நோயாளியோடு பேசுவது டாக்டர் வேலை. நர்ஸுக்குக் காவலும் பராமரிப்பும்தான். இங்கேதான் பெப்லாவ் மாறுபட்டார். நாள் முழுக்க நோயாளி பக்கத்தில் இருப்பது நர்ஸ். அப்படியிருக்க, அவர்கள் இருவருக்கும் இடையே உருவாகும் உறவையே சிகிச்சையாக ஏன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டார். இதை ஒரு புத்தகமாக 1948-லேயே எழுதி முடித்துவிட்டார். வெளிவந்தது 1952-ல். காரணம், இணை ஆசிரியராக ஒரு டாக்டர் பெயர் இல்லாமல் நர்ஸ் மட்டும் தனியாகப் புத்தகம் போடுவதை அப்போது ஏற்க முடியவில்லை. நர்ஸ் வேலையைப் பற்றி ஒரு நர்ஸ் எழுதிய புத்தகத்துக்கே இந்தக் கதி!

நான்கு கட்டங்கள்

பெப்லாவ் சொல்வது இதுதான். நர்ஸும் நோயாளியும் முதலில் இரண்டு அந்நியர்கள். இதுதான் அறிமுகக் கட்டம். இங்கே நோயாளிக்கு என்ன பிரச்சினை, யாரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிய வேண்டும். அடுத்தது, 'இவங்க எனக்கு உதவுவாங்க' என்று நோயாளி அடையாளம் கண்டுகொள்ளும் கட்டம். மூன்றாவது கட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'எக்ஸ்ப்ளாய்டேஷன்'. அகராதியைப் பார்த்தால் 'சுரண்டல்' என்றுதான் இருக்கும். பரீட்சைக்குப் படிக்கும் நர்ஸிங் மாணவிகள் குழம்பினால் தப்பில்லை. ஆனால் இங்கே அதன் அர்த்தம், கிடைக்கிற உதவியை நோயாளி முழுசா பயன்படுத்திக்கொள்வது. கேள்வி கேட்பது, சந்தேகம் தீர்ப்பது, சில வேலைகளைத் தானே செய்யத் தொடங்குவது எல்லாம் இதில் வரும்.

கடைசிக் கட்டம் விடுபடுவது. நோயாளிக்கு இனி அந்த நர்ஸ் தேவைப்படக் கூடாது. இந்த உறவு நட்பு இல்லை, முடிவதற்காகவே தொடங்குகிற உறவு.

இதில் நம்ம ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நியராக வரும் நர்ஸை முதல் நிமிஷத்திலேயே நாம் 'சிஸ்டர்' ஆக்கிவிடுகிறோம். அவர்களும் 'அப்பா', 'பாட்டி' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நோயாளி நர்ஸிடம் தாயையோ அக்காவையோ பார்ப்பதும் நடக்கும் என்று பெப்லாவ் எழுதியிருக்கிறார். அந்தப் பாத்திரம் தன்மேல் ஏற்றப்படுவது நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன நிபந்தனை.

கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது ஏன்?

பெப்லாவ் பதற்றத்தை நான்கு அளவாகப் பிரித்தார்: லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி. லேசான பதற்றத்தில் மனிதர் கூர்மையாகக் கவனிப்பார், புதுசா கற்றுக்கொள்ளவும் முடியும். பதற்றம் ஏற ஏற கவனம் சுருங்கும். கடுமையான பதற்றத்தில் இருப்பவரிடம் நீளமாக விளக்கினால் காதில் விழும், மனதில் பதியாது. அப்பா மூன்று தடவை ஒரே நேரத்தைக் கேட்டாரே, அது ஞாபக மறதி இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பதற்றம் தொற்றும். நர்ஸ் பதறினால் நோயாளிக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நோயாளியைக் கவனிப்பதற்கு முன் உன்னைக் கவனி என்று மாணவிகளுக்கு அவர் கற்பித்தார். நோயாளியோடு பேசியதை வார்த்தை மாறாமல் எழுதச் சொல்லி, எந்த இடத்தில் பேச்சைத் திருப்பினாய், ஏன் திருப்பினாய் என்று கேட்பார். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்ஸிங் மாணவிகள் மனநல வார்டு போஸ்டிங்கில் எழுதும் 'பிராசஸ் ரெக்கார்டிங்' இந்த வழியில் வந்ததுதான்.

பெப்லாவுக்குப் பிறகு இதே கேள்வியைப் பொது வார்டுக்கும் சேர்த்து விரித்தவர் ஐடா ஜீன் ஆர்லாண்டோ. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நர்ஸ்-நோயாளி சந்திப்புகள் சுமார் 2,000-ஐப் பதிவுசெய்து ஆராய்ந்தார். அவருடைய புத்தகம் 1961-ல் வந்தது. நோயாளி கேட்பதும் அவருக்குத் தேவைப்படுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அதே சமயம், உள்ளே இருப்பது என்ன என்று நர்ஸ் தானாக முடிவு கட்டவும் கூடாது. தோன்றியதை நோயாளியிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அந்த சிஸ்டர் 'பயப்படாதீங்க' என்று சொல்லவில்லை, 'தூக்கம் வரலையா?' என்று கேட்டார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அப்போ எல்லா நர்ஸும் ஏன் இப்படிப் பேசுவதில்லை?

மனசில்லாததால் என்று சொல்வது சுலபம். 1950-களின் இறுதியில் லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் வேறு பதில் சொன்னார். அங்கே பயிற்சிக்கு வந்த மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்கவில்லை. நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் குறிப்பிடுவது, ஒரு நர்ஸ் ஒரு நோயாளியை முழுதாகப் பார்க்காமல் பலரிடம் ஒரே வேலையை மட்டும் செய்வது, அடிக்கடி வார்டு மாற்றுவது என்று அங்கே ஒரு முறை இருந்தது. வலியையும் மரணத்தையும் தினமும் பார்ப்பவர்களுக்கு மனம் உடையாமல் இருக்க எழுந்த சுவர் அது என்றார் மென்சீஸ். ஆனால் அந்தச் சுவர் பதற்றத்தைக் குறைக்கவில்லை. வேலையில் கிடைக்கக்கூடிய நிறைவைத்தான் பறித்தது.

இது அறுபது ஆண்டுக்கு முந்தைய லண்டன். அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, அப்பா இருந்த வார்டில் அவரை எல்லாரும் 'பதினாலாம் பெட்' என்று கூப்பிட்டதுதான். அந்த ராத்திரி ஷிஃப்டில் தளம் முழுவதற்கும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு அறையின் பெல் இரண்டு தடவை அடித்தது. அவர் எழுந்திருக்காததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த பெல்லை அடித்தது யார், எதற்காக என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று அப்பா அந்த சிஸ்டரிடம் போன் நம்பர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, வார்டு நம்பர் இருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். "எந்த நேரம் கூப்பிட்டாலும் யாராவது எடுப்பாங்கப்பா." வண்டியில் வரும்போது அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தச் சீட்டு ரொம்ப நாள் ஃப்ரிட்ஜ் மேலே கிடந்தது. யாரும் கூப்பிடவே இல்லை.