மேட்டில் திணறும் மகிழுந்து: குறையறிதலும் சீரமைப்பும்

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியே கிழக்குக்கரைக்குச் செல்வோர் கெந்திங் செம்பா ஏற்றத்தை நன்கறிவர். நகரச் சாலையில் குறையேதும் காட்டாத மகிழுந்து, அங்கே முடுக்கியை முழுதும் அழுத்திய பின்னும் வேகம் பெறாமல் தளர்வதுண்டு. மெதுவாக ஏறும் லோரியை முந்துவதற்கு வலப்புறத் தடத்திற்கு வந்துவிட்ட நிலையில் இவ்வாறு நேர்ந்தால், மகிழுந்து என்னும் பெயருக்கே பொருளில்லாமற் போகும். பின்னால் விரைந்து வருவோருக்கு நம் வண்டியின் குறை தெரியாது.

சமதரையில் ஓடும்போது பொறி தன் முழு ஆற்றலில் ஒரு சிறு பங்கையே செலவிடுகிறது. ஏற்றத்திலோ காற்று, எண்ணெய், தீப்பொறி ஆகிய மூன்றும் முழு அளவில் வேண்டும். எரிந்த புகையும் தடையின்றி வெளியேற வேண்டும். எனவே பாதி அடைபட்ட வழியும் பாதி தளர்ந்த உறுப்பும் முதன்முதலில் மேட்டில்தான் வெளிப்படுகின்றன.

பட்டறையில் நாம் பொதுவாக "வண்டி இழுக்கவில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அச்சொல் போதாது. இதனினும் நுட்பமான வினைகள் நம் நாவிலேயே உள்ளன. வெட்டி வெட்டிக் குலுங்கினால் வண்டி விக்குகிறது. தீப்பொறியை முதலில் ஐயுறலாம். குலுக்கமின்றி மூச்சடைத்தாற்போல் தளர்ந்தால் திணறுகிறது. காற்று, எண்ணெய், புகைவழி ஆகியவற்றை நோக்க வேண்டும். பொறியின் இரைச்சல் மட்டும் உயர்ந்து வேகம் உயராவிடில் நழுவுகிறது. அப்போது குறை பொறியில் இல்லை, கிளச்சிலோ கியர்பெட்டியிலோ உள்ளது. இம்மூன்றையும் பிரித்துச் சொல்லும் ஓட்டுநர் பழுது பார்ப்பவரின் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறார். பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டிருப்பதும் இழுவையைக் குறைக்கும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றினும் மிகுந்த வெப்பம் வீசினால் அதுவே காரணமாகலாம்.

அடுத்து, விக்கும் வண்டியை ஆராய்வோம். முகப்பில் உள்ள பொறி எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால், முடுக்கியிலிருந்து காலை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குவதே முறை. ஏதோ ஒரு கலனில் எண்ணெய் எரியாமல் போகிறது என்பது அதன் பொருள். ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியில் உள்ள 16 முனைப் பொருத்தியில் குறிமுறைக் கருவியை இணைத்தால் குறையின் எண் தெரியும். பி 0301 என்றால் முதற்கலனில் எரியவில்லை என்பது மட்டுமே. பிளக்கை மாற்றுக என்று அது சொல்லவில்லை. தனித்தனிக் காயில் உள்ள வண்டிகளில், பொறியை அணைத்து ஆறவிட்டு, முதற்கலனின் காயிலை இரண்டாம் கலனுக்கு மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பார்க்கலாம். எண் பி 0302 ஆக மாறினால் குற்றம் காயிலுடையது. இச்சோதனைக்குச் செலவே இல்லை. மாறாவிடில் பிளக்கைக் கழற்றி இடைவெளியையும் கரியையும் பார்க்க வேண்டும். கலனில் அழுத்தம் மிகும்போது பொறி தாவுவதற்கு மிகுந்த மின்னழுத்தம் தேவைப்படுவதால், தேய்ந்த பிளக் சமதரையில் ஒத்துழைத்து ஏற்றத்தில் கைவிடும்.

திணறும் வண்டி சற்றுக் கடினமானது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இவ்விகிதம் பிறழும்போது வண்டியின் கணினி தானே எண்ணெயைக் கூட்டியோ குறைத்தோ ஈடுசெய்கிறது. அந்தத் திருத்த அளவை அதே கருவியில் விழுக்காடாகப் படிக்கலாம். வண்டி நின்று உறுமும்போது திருத்தம் மிகுந்து, வேகம் கூடக் கூடக் குறைந்தால், வெளிக்காற்று எங்கோ கசிந்து நுழைகிறது. வெடித்த இரப்பர்க் குழாய் பெரும்பாலும் காரணம். இதற்கு மாறாக, சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் எண்ணெய் போதவில்லை, அல்லது காற்றளவு உணரி குறைத்துக் கணக்கிடுகிறது. உணரியின் மெல்லிய கம்பியில் படிந்த அழுக்கை அதற்குரிய தெளிப்பானால் மட்டுமே நீக்க வேண்டும். விரலோ துணியோ படலாகாது. எண்ணெய்ப் பம்பின் அழுத்தத்தைச் சுமையோடு அளக்க வேண்டும். நின்ற நிலையில் அளந்தால் தளர்ந்த பம்பும் தேறிவிடும். அழுத்தமேறிய எண்ணெய்க் குழாயைக் கழற்றும் இவ்வேலை தேர்ந்தவர் கைக்கே உரியது. காற்று வடிகட்டியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. திறந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

புகைவழியைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். நாம் அறிந்த நண்பர் ஒருவரின் வண்டிக்கு ஒரு பட்டறையில் பிளக், காயில், பம்பு என ஒவ்வொன்றாக மாற்றினார்கள். திணறல் நீங்கவில்லை. வேறொருவர் உறிஞ்சுவழியில் வெற்றிடமானியைப் பொருத்தி, பொறியை நிமிடத்திற்கு 2,500 சுழற்சியில் நிலைநிறுத்தினார். முள் நிலைகொள்ளாமல் மெல்ல மெல்லக் கீழிறங்கியது. புகை வெளியேற வழியில்லாமல் தேங்குவதற்கு அதுவே அடையாளம். கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்திருந்தது.

உருகியது ஏன் என்பதே முதன்மையான கேள்வி. சில மாதங்களுக்கு முன் எச்சரிக்கை விளக்கு மின்னியபோதும் நண்பர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் கூட்டை உருக்கிவிட்டது. ஒரு காயிலின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, வண்டியிலேயே விலை மிகுந்த உறுப்புகளுள் ஒன்றின் தலையில் வந்து விடிந்தது. விக்கலுக்குக் காரணமான உறுப்பைச் சீராக்காமல் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தியிருந்தால் அதுவும் உருகியிருக்கும்.

சீரமைத்த பின் பழைய குறிமுறைகளை அழித்துவிட்டு, குறை தோன்றிய அதே ஏற்றத்தில், அதே சுமையோடு ஓட்டிக் கருவியை மீண்டும் படிக்க வேண்டும். பட்டறை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாவியைத் தருவதை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.